பலகைக்கு வைத்த பொட்டு

அறை விழுந்தது காலை ஏழு பத்துக்கு. நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். முதல் ஷிப்ட் பஸ்கள் அப்போதுதான் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். அடி வாங்கிய கன்னம் நனைந்திருந்ததால் அப்படிக் கேட்டது. அதுவரை அந்த மனிதர் சோலார் பலகைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

அடித்தவர் பலகைகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். முப்பது வயது இருக்கும். அடி வாங்கியவர் பலகை கழுவும் குழுவின் மேஸ்திரி, நாற்பத்தெட்டு வயது. மண்ணூர்ப் பக்கத்து ஆள். அருகில் அவர் மனைவி நின்றார், அவரும் அதே குழுவில் வேலை. நாலாவது ஆள் நான். குழுவின் மற்ற இருவர் கூரையின் மறுகோடியில் இருந்தார்கள்.

நாங்கள் நின்றது ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கூரை. தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரம். நான் அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் விபத்து அறிக்கை எழுதுபவன். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இந்தச் சாலையின் விபத்துகளை எழுதினேன். லாரிக்கு அடியில் போன பைக், பிரஸ்ஸில் போன விரல், தண்டலம் சிக்னலில் பஸ்ஸுக்கும் கன்டெய்னருக்கும் நடுவே மாட்டிய ஷேர் ஆட்டோ. பத்திரிகை பகுதிநேர நிருபர்களை நிறுத்தியபோது தொழிற்சாலை என்னை எடுத்துக்கொண்டது. வேலை பெரிதாக மாறவில்லை. படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சண்டை எதனால் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது நாலு நாள் முன்பு, ஆயுத பூஜையன்று தொடங்கியது.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்யூட்டர், கேன்டீன் கிரைண்டர், கேட்டில் இருக்கும் தடுப்புக் கம்பி வரை. அந்த வருடம்தான் கூரை முழுக்கப் பலகை போட்டு முடித்திருந்தார்கள். மேஸ்திரியின் மனைவி ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சந்தனம் கரைத்துக்கொண்டு மேலே வந்தார்.

“எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா கீது? இதுவும் ஒழைக்கிற மெஷின்தான?”

தொழிற்சாலை மேனேஜர் சிரித்தார். “வைங்கம்மா, பெருசாவே வைங்க. கரன்ட் நல்லா வரட்டும்.”

வைத்தார்கள். விரல் நுனியால் இல்லை. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். தேங்காய் உடைத்தவர் மேனேஜர். சூப்பர்வைசர் கைலியை மடித்துக் கட்டுவதுபோல் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்கத் தன் கையால் வைத்தார். பொரியும் சாப்பிட்டார். எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டு மொட்டைமாடியிலும் ஆறு பலகைகள் இருக்கின்றன. படப்பையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அரசு மானியத்தில் போட்டிருக்கிறார்கள். மாவு அரைப்பதை என் மனைவி பத்து மணி வெயிலுக்கு மாற்றிவிட்டாள். மோட்டார் போடுவதும் துணி துவைப்பதும் அப்படியே. வெயிலில் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பலகையில் எதுவும் படியக்கூடாது என்பது மட்டும் யார் தலையிலும் ஏறவில்லை.

பலகை என்பது சிறு சிறு கட்டங்களாக இருக்கும். ஒரு கட்டத்தை மறைத்தால் அது சும்மா இருந்துவிடாது. மற்ற கட்டங்களின் மின்சாரம் அதில் வந்து முட்டி, அந்த இடம் சூடேறும். மூன்று நாள் விடுமுறை. ஐப்பசி மாதத்திலும் மழை இல்லாத, நல்ல வெயில். சந்தனம் சுட்ட மண்ணாக இறுகிவிட்டது. நாலாம் நாள் மதியம் சூட்டைக் காட்டும் கேமராவில் பார்த்தபோது பலகைதோறும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்தது. பல பலகைகளின் பின்புறம் கருகிப் பழுப்பேறியிருந்தது. இரண்டில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அந்தப் படத்தைப் போனில் மேஸ்திரிக்குக் காட்டினார்.

“இன்னாடா இது? இன்னா பண்ணி வெச்சிகீற?”

“பூச போட்டது சார். நீங்களும்தான வெச்சீங்க.”

அதற்குத்தான் அந்த அறை.

மேஸ்திரி கன்னத்தைத் தொடவில்லை. குனிந்து வைப்பரை எடுத்தார். நுனியில் ரப்பரும் துணியும் வைத்த நீண்ட அலுமினியக் கழி அது. “தேச்சுட்றேன் சார்,” என்றார். தேய்த்தால் போகவில்லை. கண்ணாடி கீறும் என்பதால் பிளேடு வைக்க அனுமதி இல்லை. உட்கார்ந்து நகத்தால் சுரண்டினார். சூப்பர்வைசர் தண்ணீர் வாளியை உதைத்தார். அது சரிவில் உருண்டு, தகரத்தில் மோதி மோதிக் கீழே போனது. பிறகு குனிந்திருந்தவரின் முதுகில் காலை வைத்து அழுத்தினார்.

“நல்லா சொரண்டு. நகம் பேந்து வரணும்.”

மேஸ்திரியின் மனைவி பேசினார். “இத்தினி பேரு வெச்சாங்களே, எல்லாரையும் ஒதைப்பியா? பேக்டரி மேனேஜருதான் தேங்கா ஒடச்சாரு. போய் அவர ஒதையேன் பாக்கலாம். அங்க கால் தூக்குமா உனுக்கு?”

மறுகோடியில் ஒருவன் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அடுத்தது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். நினைப்புதான், சாட்சியம் இல்லை.

சூப்பர்வைசர் கீழே கிடந்த இன்னொரு வைப்பரை எடுத்தார். “பொட்டு வெக்கிற மூஞ்சிய மொதல்ல தொடைக்கணும்,” என்று சொல்லி அதன் அழுக்குத் துணியை அந்த அம்மாளின் நெற்றியில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். கழி நீளமாக இருந்ததால் அவர் கிட்டே வரக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் பின்னால் சாய்ந்து ஒரு பலகையின் விளிம்பில் இடித்துக்கொண்டார். கறுப்புத் தண்ணீர் மூக்கின் இருபுறமும் வழிந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. துணியில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது.

புருஷன் உயிரோடு நிற்கும்போது ஒரு பெண்ணின் பொட்டை இன்னொருவன் துடைத்தால் எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மேஸ்திரி எழுந்தார். அவசரமில்லாமல், தன் கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முதல் அடி சூப்பர்வைசரின் தோளில் விழுந்தது. கழி வளைந்தது. இரண்டாவது காதோடு சேர்த்துக் கன்னத்தில். ஹெல்மெட் பறந்து பலகைகளுக்கு நடுவே விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. மூன்றாவது அடியை முழங்கையில் வாங்கிக்கொண்டு சூப்பர்வைசர் பின்னால் நகர்ந்தார். ஓரடி, இன்னும் ஓரடி. இருவருக்கும் இடையே ஒரு கழியின் நீளம் இருந்தது. கைக்கு எட்டும் தூரம் அல்ல. இதை நான் பிறகு பலமுறை சொல்லவேண்டியிருந்தது.

அந்தக் கூரையில் இரும்புத் தகடுகளுக்கு இடையிடையே, உள்ளே வெளிச்சம் விழுவதற்காக ஃபைபர் ஷீட் பதித்திருந்தார்கள். புழுதி படிந்தால் தகடும் ஷீட்டும் ஒரே நிறம். சூப்பர்வைசரின் வலது கால் ஷீட்டில் ஊன்றியது. அது அப்பளம் நொறுங்குவதுபோல் உடைந்தது. ஒரு கால் போனது, பிறகு இடுப்பு, பிறகு மார்பு. பாதுகாப்புப் பட்டை அணிந்திருந்தார். அதன் கொக்கி எதிலும் மாட்டப்படாமல் இடுப்பில் தொங்கியது.

கீழே பிரஸ் லைனில் இருந்தவர்கள் முதலில் பார்த்தது ஒரு ஷூவை. அது கன்வேயரில் விழுந்து, பாகங்களோடு சேர்ந்து நகர்ந்தது. நிமிர்ந்தால் கூரையில் இரண்டு கால்கள் உதறிக்கொண்டிருந்தன. யாரோ லைனை நிறுத்தினார்கள்.

மேஸ்திரி கழியை வீசிவிட்டுக் குப்புற விழுந்தார். சூப்பர்வைசரின் தோள் பட்டையை வலது கையால் பிடித்தார். பட்டை நைலான். எடை இழுத்தபோது அது அவர் உள்ளங்கைக்குள் வழுக்கி ஓடியது. ஓடிய இடத்தில் தோல் உரிந்தது. அவர் விடவில்லை. அவர் மனைவி ஓடிவந்து அவர் கால்கள் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். மறுகோடியில் இருந்த இருவரும் தகட்டின் மேலேயே ஓடிவந்து மற்ற தோளைப் பிடித்தார்கள். நான் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டிருந்தேன். கிட்டே போகவில்லை. மற்றவர்கள் செய்ததை எழுதுகிறவன் இதையும் எழுதவேண்டும்.

இழுத்துப் போட்டார்கள். உடைந்த ஷீட்டின் விளிம்பு சூப்பர்வைசரின் தொடையைப் பேன்ட்டோடு கிழித்திருந்தது. சதை தெரிந்தது. ரத்தம் தகட்டின் பள்ளத்தில் ஒரு கோடாக ஓடியது. அவர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு முழங்காலில் எழுந்து, அந்தக் கையாலேயே, கிடந்தவரின் வாயில் ஒரு குத்து விட்டார். ஒரு பல் போனது.

“யோவ், வுடுய்யா!” என்று அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “தூக்கினு வந்துட்டு அடிக்கிறியே, உனுக்கு அறிவு கீதா?”

மொத்தம் நாலு அடி. நான் எண்ணியிருந்தேன்.

ஆம்புலன்ஸ் போனபிறகு மேஸ்திரியைக் கீழே இறக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸில் உட்காரவைத்தார்கள். போலீஸ் வருவதற்கு முன் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள் மூன்று பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். காவலாளிகள் ஒரு லாரியின் பில்லைச் சரிபார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலியோடு சாய்த்தார்கள். இரும்புக்காப்பு வைத்த ஷூவால் விலாவில் மிதித்தார்கள். அவர் வலது கையை மட்டும் அக்குளுக்குள் மறைத்துக்கொண்டு சுருண்டார். நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது ஒருவன், “சார், நீங்க ரிப்போர்ட் எழுதுற ஆளு. போய் எழுதுங்க,” என்றான். போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினார்கள்.

நான் போய் எழுதினேன்.

மேனேஜர் அறையில் ஒரு பெரிய திரை உண்டு. அன்றைக்கு எவ்வளவு சூரிய மின்சாரம், அது எத்தனை மரம் நட்டதற்குச் சமம் என்று வந்தவர்கள் பார்ப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும். அதன் கீழே உட்கார்ந்து அவர் என் அறிக்கையைப் படித்தார்.

“நெத்தியத் துடைச்சதெல்லாம் எதுக்கு சார்? அது காயம் இல்லையே.”

“அதுக்கு அப்புறம்தான் சார் அடிச்சார்.”

“வாய்த் தகராறுன்னு போடுங்க. போதும்.”

போட்டேன். பெரிதாகத் தோன்றவில்லை. தள்ளவில்லை, தூக்கினார் என்பது இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன். மாலையில் கையெழுத்துக்கு வந்த பிரதியில் அதுவும் இல்லை. ‘வாய்த் தகராறின்போது மேற்பார்வையாளர் தாக்கப்பட்டுப் பின்னோக்கித் தள்ளப்பட்டார்.’ ஒரு வினைச்சொல்லை விட்டுக்கொடுத்தேன், அதன் பின்னால் மற்றவை வரிசையாகப் போயின. உடைகிற ஷீட்டுக்கு அடியில் வலை போடச் சொல்லி நான் முன்பு எழுதிய இரண்டு குறிப்புகள் அந்த மேஜையில்தான் எங்கோ இருந்தன. தள்ளிவிட்டதாக இருந்தால் அவற்றை யாரும் தேடமாட்டார்கள்.

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

மேஸ்திரி மேல் கொலை முயற்சி வழக்கு என்று மறுநாள் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அம்மாள் படப்பையில் என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, வழக்கத்தைவிடப் பெரிதாக. உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள வாம்மா.”

“வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ பாத்தத எழுதுனியா, அவுங்க சொன்னத எழுதுனியா?”

என் மனைவி உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தம் நின்றது.

“தள்ளுனாருன்னு எழுதிகீதாம். வக்கீலு படிச்சி காமிச்சாரு. ஏன் சார், தள்ளணும்னா எதுக்கு சார் எங்க வூட்டுக்காரு கைய அப்டி பண்ணிக்குனாரு? உள்ள போய் பாத்தேன், சோறு அள்ள முடியல சார். எடது கைல துண்றாரு.”

அந்தக் கை.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். ஆகவே முக்கியமானதை மேலே வை என்று பழக்குவார்கள். விபத்துப் படிவத்தில் முதல் பக்கத்தில் காயப் பட்டியல் வரும், நடந்ததை விவரிப்பது பின்பக்கம். யாருக்கு என்ன காயம் என்பதை நான் எப்போதும் முதலில் நிரப்பிவிடுவேன். அந்தப் பட்டியலில் மேஸ்திரியின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தேன்: ‘வலது உள்ளங்கை, குறுக்கே, பட்டை உரசித் தோல் உரிந்த காயம், நாலு அங்குலம்.’ மேனேஜர் பின்பக்கத்தைத்தான் திருத்தினார். முன்பக்கம் அப்படியே கையெழுத்தாகிப் போயிருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் காவல் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டரிடம் முன்பக்கத்தைக் காட்டினேன். தள்ளுகிறவன் கையில் இப்படிக் காயம் வராது, ஆஸ்பத்திரியில் அந்தப் பாதுகாப்புப் பட்டையை வாங்கிப் பாருங்கள், தோல் ஒட்டியிருக்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரிப்போர்ட்ல கையெழுத்து உன்னோடதுதானே?”

“ஆமா சார்.”

“அப்ப அன்னைக்கு எழுதுனது பொய்யா, இன்னைக்கு சொல்றது பொய்யா?”

“அன்னைக்கு எழுதுனது, சார்.”

எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அறை, வாளி, முதுகில் கால், நெற்றியில் துணி. பிறகு கழியால் மூன்று அடி, தூக்கியது, தூக்கியபின் வாயில் ஒரு குத்து. அதை விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்று அந்த வாரம்தான் பார்த்திருந்தேன், எழுதினேன்.

பட்டையில் தோல் இருந்தது. கொலை முயற்சி என்பதை எடுத்துவிட்டார்கள். அடித்துக் காயப்படுத்திய வழக்கு நின்றது. தூக்கியபின் விழுந்த அந்தக் குத்தைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு ஜாமீனை எதிர்த்தது. மேஸ்திரி இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தார். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது அங்கேதான் தெரிந்தது. அவரை மிதித்த மூன்று பேர் மேலும் புகார் எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் தூங்குகிறது. என் ஒப்பந்தத்தைத் தொழிற்சாலை புதுப்பிக்கவில்லை. கூரையில் ஷீட்டுக்கு அடியில் இப்போது வலை போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

மேஸ்திரிக்கு எந்தத் தொழிற்சாலையும் வேலை தரவில்லை. ஆனால் கழி அவருடையது. பைக்கில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு மண்ணூரிலிருந்து படப்பை வரை வீட்டுக் கூரைகளில் பலகை கழுவுகிறார். வீட்டுக்காரர்கள் போட்டுவிடுகிறார்களே தவிர, ஏறிக் கழுவுவதில்லை. குவாரி லாரிப் புழுதி ஒரு வாரத்தில் பலகையை மங்கடித்துவிடும். ஆகவே அவருக்கு வேலை இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வருவார்கள். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுப் பலகைகள் அவர்கள் பொறுப்பு.

இந்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் வீட்டு மாடிக்கு வந்தார்கள். கழுவி முடித்தபின் அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார்.

“ஓரத்துல வைய்யா. கம்பில. கண்ணாடிக்கு வெச்சிட்டு திரும்பவும் வம்ப வாங்காத.”

“தெரியும்டி. எனுக்கு சொல்றியா?”

அவர் பலகையின் அலுமினியச் சட்டத்தில் பொட்டு வைத்தார், இடது கையால். வலது கை முழுதாக மூடுவதில்லை. விரல்கள் ஒரு டம்ளரைப் பிடித்ததுபோல் பாதியில் நிற்கின்றன.

அடுத்த மாதம் ஆறாம் தேதி விசாரணை. நான் சாட்சி. மேஸ்திரி கழியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். அந்த அம்மாள் படியில் நின்று என் பக்கம் திரும்பினார். ஒரு வருடமாக என்னோடு தேவைக்கு மேல் பேசியதில்லை.

“கோர்ட்டுல அந்த நாலாவது அடிய கேப்பாங்களா சார்?”

“கேப்பாங்கம்மா.”

“இன்னா சொல்லுவ?”

“அடிச்சார்னுதான் சொல்லுவேன்.”

கீழே மேஸ்திரி பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லு,” என்றார். “ஆனா தூக்குனத மொதல்ல சொல்லு.”